அலாய் வீலில் பெயின்ட் படக் கூடாத இடங்கள்

என்னிடம் இருப்பது 2013 மாடல் யமஹா எஃப்.இசட்.எஸ். பைக். செகண்ட்ஸில் வாங்கியது. ஊர் தூத்துக்குடி. இந்த இரண்டையும் சொன்னாலே பாதிக் கதை விளங்கிவிடும். இங்கே ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிப்போம், கேட்டின் கீல் மூன்று வருஷம் தாங்கினால் அதிசயம். காற்றிலேயே உப்பு. போதாததற்கு 2023 டிசம்பர் 17, 18 மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மழைதான். கோரம்பள்ளம் குளம் உடைந்து, எங்கள் தெருவில் தண்ணீர் வடிய நான்கு நாள் ஆனது. வண்டி வாசலில் நின்றது. ஒரு அடிக்கு மேல் தண்ணீர், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதி வரைக்கும். சாக்கடையும் கலந்த தண்ணீர்.

வடிந்த பிறகு எல்லோரையும் போல நானும் இன்ஜினைத்தான் பார்த்தேன். ஆயில் மாற்றி, கார்புரேட்டர் கழுவி, பிளக் மாற்றி, ஸ்டார்ட் ஆனதும் முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டேன். சக்கரத்துக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர்கூட ஊற்றவில்லை. அன்றைக்கு அதைச் செய்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. மூன்று மாதத்தில் காற்றடிக்கும் வால்வைச் சுற்றியும், ரிம் விளிம்பிலும் கறுப்புப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளைப் பவுடர். அலாய் வீல் என்பது அலுமினியக் கலவையில் வார்த்த சக்கரம். அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்வதை நம்பிவிடாதீர்கள். இரும்பைப் போலச் சிவப்பாகப் பிடிக்காது, அவ்வளவுதான். அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும், அதுதான் அதற்குக் காவல். உப்பு அந்தப் படலத்தை உடைக்கும். ஒரு கல் தெறித்துப் பெயின்ட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், உப்புத்தண்ணீர் அதன் வழியாக இறங்கி, பெயின்ட்டுக்கு அடியிலேயே புழு ஊர்ந்த தடம் மாதிரி பரவும். மேலே இருப்பது பெயின்ட், கீழே இருப்பது மாவு. அந்த மாவின் மேல் எதை அடித்தாலும் உதிரும். இந்த ஒரு விஷயம் எனக்குப் புரிய 13 ஆயிரம் ரூபாயும் ஏழு மாதமும் ஆனது.

முதல் முட்டாள்தனம் வாட்டர் வாஷ் கடையில் நடந்தது. அங்கே வேலை பார்க்கும் பையன், "அண்ணாச்சி, டைல்ஸ் ஆசிட் கொஞ்சம் தண்ணி கலந்து தேச்சா பளபளன்னு ஆயிரும்" என்றான். தேய்த்தான். நுரைத்துக்கொண்டு புகை வந்தது, நானும் அழுக்குப் போகிறது என்று சந்தோஷப்பட்டேன். போனது அழுக்கு இல்லை, அலுமினியம். காய்ந்த பிறகு பெயின்ட் இல்லாத இடமெல்லாம் சாம்பல் திட்டு. பாத்ரூம் ஆசிட், காஸ்டிக் சோடா இரண்டுமே அலுமினியத்தைக் கரைக்கும். எண்ணெய்ப் பிசுக்குப் போக காஸ்டிக் கலந்த சரக்கை அடிக்கிற வாட்டர் வாஷ் கடைகளும் உண்டு. வீல் பக்கம் போகிற போத்தலில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வெறும் தண்ணீரும் ஷாம்பூவும் போதும் என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது ஸ்ப்ரே டப்பா. ஹார்டுவேர் கடையில் மூன்று டப்பா கறுப்பு, உப்புத்தாள், தின்னர் எல்லாம் சேர்த்து 1,250 ரூபாய். இரண்டு ஞாயிற்றுக்கிழமை. சக்கரத்தைக் கழற்றாமல், டயரைத் தினத்தந்தியால் சுற்றி, வண்டியில் இருந்தபடியே அடித்தேன். படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன், "கடையில கொடுத்தியா மாப்ள" என்று பதில் வந்தது. பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் செயினைச் சுத்தம் செய்யப் பெட்ரோல் நனைத்த துணியை எடுத்தேன். துணி கறுப்பாகிவிட்டது. செயின் அழுக்கு என்று நினைத்தேன், ரிம்மைப் பார்த்தால் அங்கே பெயின்ட் இல்லை. சாதாரண ஸ்ப்ரே டப்பாவில் இருப்பது காற்றில் காய்கிற பெயின்ட். தின்னரில் கரைந்தது காய்ந்து ஒட்டியிருக்கும், திரும்பப் பெட்ரோலோ தின்னரோ பட்டால் இளகிவிடும். பிரேக் ஆயில் பட்டாலும் அதே கதி. ஹார்டனர் கலந்து அடிக்கிற பெயின்ட் அப்படி இல்லை, அது இறுகிவிட்டால் இறுகியதுதான். ஸ்ப்ரே டப்பாவைக் குறை சொல்ல மாட்டேன், சைடு ஸ்டாண்டுக்கு அது போதும். வீலுக்குப் போதாது.

அப்புறம்தான் பவுடர் கோட்டிங் ஆசை வந்தது. பெயின்ட்டைப் பொடியாக அடித்து, அடுப்பில் வைத்து உருக்கி ஒட்ட வைக்கிற வேலை அது. எங்கள் பகுதியில் கேட், கிரில், அலுமினிய ஜன்னலுக்குப் பவுடர் கோட்டிங் செய்கிற ஒரு பட்டறை இருக்கிறது. வேலை நன்றாகத்தான் இருக்கும், எங்கள் வீட்டு மாடிக் கைப்பிடி அவர்கள் போட்டதுதான். இரண்டு வீலுக்கும் 2,800 கேட்டார்கள். "நாலே நாள் சார், பத்து வருஷம் அசையாது." பஞ்சர் கடையில் 300 ரூபாய் கொடுத்து டயரைக் கழற்றினேன். கடப்பாரை மாதிரி ஒரு லீவரால் நெம்பினார்கள், விளிம்பில் இரண்டு இடத்தில் வெட்டு விழுந்தது, அதுவும் கோட்டிங்கில் மறைந்துவிடும் என்று விட்டுவிட்டேன். மெக்கானிக்கிடம் பேரிங்கைக் கழற்றச் சொன்னேன். பின் வீலில் கழற்றினார். முன் வீலில் "இறுக்கமா இருக்கு, அப்படியே குடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். நானும் தலையாட்டினேன். இப்போது யோசித்தால், அந்தத் தலையாட்டலுக்கு மட்டும் ஆயிரம் ரூபாய் விலை.

வீல் திரும்பி வந்த அன்று வீட்டில் திருவிழா. பளபளவென்று கறுப்பு, விரலை வைத்தால் வழுக்கியது. உள்ளே, வெளியே, ஓட்டைக்குள், எல்லா இடத்திலும் ஒரே சீராக, ஒரு இன்ச் விடாமல் அடித்திருந்தார்கள். எவ்வளவு நேர்மையான வேலை என்று நினைத்தேன். ஒரு இன்ச் விடாமல் அடித்ததுதான் பிரச்சினையே.

டயர் மாட்டிய மறுநாளே காற்று இறங்க ஆரம்பித்தது. பின் டயரில் 33 வைத்தால் இரண்டு நாளில் 20. பஞ்சர் இல்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் டயரும் ரிம்மும் சேருகிற வரி முழுக்கக் குட்டிக் குட்டிக் கொப்புளம். என் வண்டி டியூப்லெஸ். டயரின் ஓரம் ரிம்மில் போய் உட்காருகிற அந்தப் படிதான் காற்றைப் பிடித்து வைக்கிறது. அங்கே அரித்துப்போயிருந்த குழிகளை யாரும் சுரண்டவில்லை, வெள்ளை மாவின் மேலேயே தடியாகக் கோட்டிங் விழுந்திருந்தது. டயரை ஏற்றும்போது லீவர் பட்டு அது செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கிறது. பஞ்சர் கடைக்காரர் சொன்ன தீர்வு: "உள்ள டியூப் போட்டிருவோம்." இரண்டு டியூப் 900, மாட்ட 300. போட்டேன். காற்று நின்றது. ஆனால் டியூப்லெஸ் டயர் வாங்கியதே ஆணி ஏறினாலும் காற்று மெதுவாக இறங்கும், வீடு வந்து சேரலாம் என்பதற்குத்தான். டியூப் போட்டால் அந்த நன்மை போச்சு, ஆணி ஏறினால் நொடியில் தரை தட்டும். பின் டயரில் அப்படி ஆனால் வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

டியூப் போட்ட நாலாவது நாள், மூன்றாவது மைல் பாலத்தில் இருந்து இறங்குகிறேன். முன்னால் உப்பு லாரி ஒன்று சட்டென்று வேகம் குறைத்தது. பின் பிரேக்கை மிதித்தேன். மிதி இறங்கியது, வண்டி நிற்கவில்லை. ஐஸ் மேல் கட்டை வைத்த மாதிரி வழுக்கியது. முன் பிரேக்கைப் பிடித்துத்தான் நின்றேன், லாரியின் பின் பலகைக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். வயிற்றைக் கலக்கியது. ஓரமாக நிறுத்தி, பூட்டியிருந்த ஒரு டீக்கடை வாசலில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பின்னால் டிரம் பிரேக். ஹப்புக்குள்ளே, அதாவது சக்கரத்தின் நடுக் குடத்துக்குள்ளே, ஒரு இரும்பு வளையம் இருக்கும், பிரேக் ஷூ அதில்தான் உரசிப் பிடிக்க வேண்டும். அந்த வளையத்தின் மேலும் நேர்மையாகக் கோட்டிங் அடித்திருந்தார்கள். ஷூ பவுடரில் உரசி, சூட்டில் அது இளகி, ஷூவும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. கிரில்லுக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றுதான். அவர்களைத் திட்டிப் பயன் இல்லை, சொல்லாதது நான்.

அதே வாரம் முன் சக்கரத்தில் 40 தாண்டினால் 'ஊ' என்று ஒரு சத்தம். கழற்றாமல் விட்ட பேரிங் அது. பவுடர் கோட்டிங் அடுப்பு ஏறக்குறைய 200 டிகிரி. அந்தச் சூட்டில் பேரிங்கின் ரப்பர் சீல் கருகும், கிரீஸ் உருகி ஓடிவிடும். அதற்கு முன்னால் மணல் மாதிரிப் பொடியை அடித்துப் பழைய பெயின்ட்டை எடுத்திருப்பார்கள், அந்தப் பொடியும் உள்ளே போயிருக்கும். பின் வீலில் பேரிங்கைக் கழற்றியிருந்ததால், பேரிங் உட்காருகிற குழியிலும் கோட்டிங். புதுப் பேரிங் இறங்க மறுத்ததை மெக்கானிக் சுத்தியலால் அடித்து இறக்கியிருந்தார், அதுவும் உள் வளையத்தில் அடித்து. வெளி வளையத்தில் தட்டினால்தான் பேரிங்குக்குள் இருக்கும் குண்டுகளுக்கு அடி விழாது. பேரிங், கூலி எல்லாம் 1,100. ஒரு மாதத்தில் அதுவும் ஆடத் தொடங்கியது. ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன்: 6,650 ரூபாய் போயிருந்தது, கையில் இருந்தது ஓட்டப் பயமாக ஒரு வண்டி. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. "மினி பஸ்ல போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். அது திட்டியதைவிட அதிகமாகச் சுட்டது.

கடைசியில் ஒரு நண்பர் திருநெல்வேலியில் கார் பெயின்ட் ஷெட் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் அனுப்பினார். வீலைத் தரையில் வைத்ததும் அவர் கலர் கேட்கவில்லை. சாக்பீஸை எடுத்து அங்கங்கே வட்டம் போட ஆரம்பித்தார். "அண்ணாச்சி, எங்க பெயின்ட் அடிக்கணும்னு யாரும் சொல்லிருவான். எங்க அடிக்கக் கூடாதுன்னு சொல்லுதவன்ட்ட குடுக்கணும்." அவர் வட்டம் போட்ட இடங்களை அப்படியே சொல்கிறேன், எந்தப் பட்டறைக்குப் போனாலும் நீங்களே சாக்பீஸோடு போங்கள். பேரிங் உட்காருகிற குழி, இரண்டு வீலிலும் இரண்டு பக்கமும். ஆயில் சீல் இடம். முன் ஹப்பில் டிஸ்க் தட்டு வந்து உட்காருகிற முகம், அதன் போல்ட் ஓட்டையின் மரை. பின் ஹப்பில் பிரேக் ஷூ உரசும் வளையம். செயின் பக்கம் டிரம் ரப்பர் (செயின் இழுக்கும் உதறலை வாங்கிக்கொள்ளும் ரப்பர் துண்டுகள்) நுழைகிற பள்ளங்கள். வால்வு ஓட்டையின் உள்முகம். டயர் உட்காருகிற படியில் பிரைமரோடு மெல்லிசாக ஒரு கை போதும், தடியாக எதுவும் கூடாது. டிஸ்க் முகத்தில் கோட்டிங் இருந்தால் தட்டு நேராக உட்காராது, பிரேக் பிடித்தால் லீவர் துடிக்கும். போல்ட்டை முறுக்கும்போது இறுகிய மாதிரி இருக்கும், கொஞ்ச நாளில் அடியில் இருக்கும் பவுடர் நசுங்கி போல்ட் தளரும். என் டிஸ்க் போல்ட்டுகளில் இரண்டு, வெறும் கையாலேயே சுற்றும் நிலையில் இருந்தன. அதைப் பார்த்தபோதுதான் பாலத்தில் முன் பிரேக் என்னைக் காப்பாற்றியது எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைத்தது.

பவுடரைப் பெயின்ட் ரிமூவர் போட்டு எடுத்தார். லேசில் வரவில்லை, மூன்று தடவை தடவிச் சுரண்ட வேண்டியிருந்தது. அந்தச் சரக்கு தோலில் பட்டால் எரியும், வாசனையும் ஆளைத் தூக்கும், மூடிய அறையில் வைத்து வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். வெறும் உலோகம் தெரிந்ததும், பக்கத்து லேத்தில் கோட்டம் பார்த்தோம். ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தது, தப்பித்தேன். விளிம்பு வளைந்திருந்தால் பெண்டு எடுக்கலாம், ஆனால் அடுப்பு நெருப்பில் காட்டிக் கண்டபடி சூடாக்கி எடுக்கிற இடத்தில் கொடுக்காதீர்கள். இந்த வீல்கள் வார்த்த பிறகு சூடேற்றிப் பதப்படுத்திய அலுமினியம், கண்டபடி சூடு பட்டால் அந்தப் பதம் போய்விடும். தண்டில் விரிசல் இருந்தால் வெல்டிங் பேச்சே வேண்டாம், அந்த வீல் பழைய இரும்புக் கடைக்குத்தான். விரிசல் கண்ணுக்குத் தெரியாது என்பதால் சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடித்துப் பார்த்தார்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு ஊறி வரும். வரவில்லை. புதுப் பெயின்ட்டோடு மின்னும் பழைய வீலை யாராவது மலிவாக விற்க வந்தால் எனக்கு இப்போது முதலில் ஞாபகம் வருவது இந்தச் சோதனைதான். பெயின்ட் எதையும் மறைக்கும்.

பவுடர் கோட்டிங்கில் ஊசித் துளை மாதிரிப் புள்ளிகள் இருந்ததே ஏன் என்று கேட்டேன். வார்ப்பு அலுமினியத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குழிகள் இருக்குமாம். அடுப்பில் வைத்ததும் உள்ளே இருக்கிற காற்றும் ஈரமும் எண்ணெயும் வெளியே வந்து, உருகுகிற பவுடரைக் கொப்பளிக்க வைத்துவிடும். அதனால் பவுடர் போடும் முன் வெறும் வீலை ஒரு தடவை அடுப்பில் வைத்து எடுக்க வேண்டும். பவுடர் கோட்டிங் மோசம் என்று நான் சொல்லவில்லை, சரியாகச் செய்தால் கல் தெறிப்புக்கு அதைப் போல எதுவும் தாங்காது. ஆனால் வீல் பார்த்துப் பழகிய பட்டறையா, முன்னால் சுட வைப்பார்களா, ஓட்டைகளுக்குச் சிலிக்கான் மூடியும் சூடு தாங்கும் டேப்பும் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். "அதெல்லாம் தேவையில்ல சார்" என்றால் வீலை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

நான் இந்த முறை ஹார்டனர் கலக்கும் பெயின்ட்டைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஒரு காரணம், சின்னச் சிராய்ப்பு வந்தால் தொட்டு வைக்கலாம், பவுடரில் அது சரியாக அமையாது. 180 உப்புத்தாளில் ஆரம்பித்து 400 வரை தேய்த்தார், குழிகளில் வெள்ளை ஒரு துளிகூட மிச்சம் இல்லாமல். தேய்த்த அன்றே பிரைமர். அலுமினியத்தைத் தேய்த்துவிட்டு நாலு நாள் போட்டுவைத்தால் மறுபடி ஆக்சைடு கட்டும், விரல் எண்ணெயும் ஒட்டும். அலுமினியத்துக்கு வாஷ் பிரைமரும் உண்டு, எபாக்ஸி பிரைமரும் உண்டு. ஒன்றின் மேல் மற்றொன்று எல்லாக் கம்பெனிச் சரக்கிலும் ஒத்துப்போகாது என்று அவர் எபாக்ஸி மட்டும் அடித்தார். அப்புறம் கறுப்பு, மேலே நிறமில்லாத கிளியர். நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கப் போனபோது விரட்டிவிட்டார். அந்த ஹார்டனர் புகை நுரையீரலுக்கு ஆகாது, கைக்குட்டை கட்டினால் நிற்காது, அதற்கென்று உள்ள மாஸ்க் வேண்டும். பெயின்ட் கையில் ஒட்டாமல் காய்ந்துவிட்டது என்று மறுநாளே டயர் ஏற்றப் பார்த்தேன், ஒரு வாரம் தொடாதே என்றார். அந்த ஒரு வாரம்தான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

பேரிங்கை நானே போட்டேன். புதுப் பேரிங்கை ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்தேன் (நெத்திலிக்குப் பக்கத்தில், அதற்கு வாங்கிய பேச்சு தனிக் கதை), ஹப்பை ஹேர் டிரையரால் சூடாக்கி, வெளி வளையத்தின் அளவுக்குச் சரியான ஒரு சாக்கெட்டை வைத்துத் தட்டினேன். நாலு தட்டில் உட்கார்ந்தது. இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு பைப் துண்டு வரும், ஸ்பேசர். அதை மறந்தால் ஆக்சிலை முறுக்கும்போது பேரிங் நெரிந்துவிடும். கழற்றும்போதே ஒரு பையில் எல்லாவற்றையும் போட்டுப் பெயர் எழுதி வைத்துவிடுங்கள், பட்டறைக்கு அந்தப் பை போகவே கூடாது. டயர் ஏற்ற இந்த முறை மெஷின் உள்ள கடைக்குப் போனேன், பிடி விழும் இடங்களில் பிளாஸ்டிக் உறை போட்டு ஏற்றினார்கள். சக்கரம் உதறாமல் சுற்ற ரிம்மில் வைக்கிற பேலன்ஸ் எடையில், அடித்து மாட்டும் கொக்கி வகை வேண்டாம், ஒட்டும் வகை போடச் சொன்னேன். கொக்கி அழுத்துகிற இடத்தில்தான் அடுத்த கொப்புளம் வரும்.

இந்தச் சுற்றுக்கு ஆன செலவு: பெயின்ட் வேலை 4,200, பேரிங்கும் சீலும் 1,400, பிரேக் ஷூ 350, வால்வு 150, டயர் கடை 500. மொத்தம் 6,600. முதலில் வீணாக்கியதும் கிட்டத்தட்ட அதே தொகைதான். நூறு கிலோமீட்டர் ஓடியதும் டிஸ்க் போல்ட்டையும் ஆக்சில் நட்டையும் மறுபடி முறுக்கிப் பார்த்தேன், தளரவில்லை.

இப்போது செய்கிற பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீர், மழையில் ஓடி வந்தால் அன்றைக்கே. எங்கள் வீட்டு போர் தண்ணீரே உப்பு என்பதால் வீலுக்கு மட்டும் குடிதண்ணீர் இரண்டு சொம்பு, கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். பிரஷர் வாஷில் தண்ணீரை ஹப்புக்கு நேராக அடிக்க விடுவதில்லை. செயினுக்கு மண்ணெண்ணெயைப் பிரஷ்ஷில் தொட்டுத்தான், ஊற்றுவதில்லை, பின்னால் ஒரு பழைய அட்டை. செயின் ஆயில் ரிம்மில் தெறித்தால் தூசியைச் சேர்த்துப் பிசினாகிவிடும், அன்றே துடைத்துவிட்டால் துணி போதும், ஒரு மாதம் விட்டால் கெமிக்கல் தேடுவோம், அங்கேதான் வினை ஆரம்பிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கார் மெழுகு. கல் தெறித்த இடம் தெரிந்தால் உப்பு இறங்குவதற்கு முன் ஒரு சொட்டு டச்-அப். அதற்கென்று பெரியவர் ஒரு சின்ன மருந்துக் குப்பியில் மிச்சப் பெயின்ட்டைக் கொடுத்தார். ஹார்டனரைத் தனிக் குப்பியில் தந்தார், கலந்தால் அன்றைக்கே இறுகிவிடும். இதுவரை மூன்று இடத்தில் தொட்டிருக்கிறேன்.

அந்த இரண்டு டியூப்பும் பரணில் கிடக்கின்றன. பின் டயரில் 33 வைத்து மூன்று வாரம் ஆகிறது. இன்று காலை கேஜ் வைத்துப் பார்த்தேன், 32.